‘பிள்ளை தேறுமா?’: ஒரு கேள்வியின் இருநூறு ஆண்டுகள்

1823இல் பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. இன்று கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர், தன் வேரை அந்தப் பள்ளியில்தான் காட்டுகிறது. அடுத்த ஆண்டே பாரிஸில் லூயி கால்மெய் என்ற இளம் மருத்துவர் தம் ஆய்வேட்டில் ஒரு நிலையைத் தனியே பிரித்து எழுதினார். ஒரு வலிப்பு அடங்குமுன் அடுத்தது தொடங்கும். இடையில் நினைவு திரும்பாது. மணிக்கணக்கில் அது நீளும். சாதாரண வலிப்பு வந்தவர் எழுந்து உட்காருவார், இந்த நிலைக்குப் போனவர் பெரும்பாலும் எழுவதில்லை என்பது அன்றைய மருத்துவமனைகளின் அனுபவம். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் புதுச்சேரியின் நவீன மருத்துவமும், நீடித்த வலிப்பைப் பற்றிய மருத்துவச் சிந்தனையும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. இந்த இருநூறு ஆண்டுகளில் இரண்டும் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்று பார்க்க, வில்லியனூர் கொம்யூனில் உள்ள உறுவையாறு போன்ற ஒரு சிற்றூரில் நின்று பார்ப்பதே சரி.

அங்கே ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலோடு இழுப்பு வந்து, ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆகியும் அடங்கவில்லை என்றால், பெற்றவள் கேட்பது இரண்டே கேள்வி. உயிருக்கு ஒன்றும் ஆகாதே? மூளைக்கு ஒன்றும் ஆகாதே? இந்த இரண்டு கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் சொல்ல முடியுமா என்பதில்தான் உலகின் குழந்தை நரம்பியல் மருத்துவர்கள் நெடுங்காலமாகத் தடுமாறியிருக்கிறார்கள்.

முதலில் பதில் தேடியவர் கையில் எடுத்தது வெப்பமானியை. பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் தேசிரே-மாக்லுவார் பூர்ன்வீல் 1870களின் தொடக்கத்தில் நோயாளிகளின் உடல்வெப்பத்தை மணிக்கு மணி குறித்துவைத்தார். வலிப்பு நீள நீள வெப்பம் ஏறிக்கொண்டே போனால் முடிவு நல்லதாக இராது, இறங்கத் தொடங்கினால் நம்பிக்கை உண்டு என்று எழுதினார். பின்னாளில் பிசேத்ர் மருத்துவமனையில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். அவருடைய அளவீட்டில் ஓர் உண்மை இருந்தது, ஒரு குறையும் இருந்தது. முடிவைச் சொல்ல முடிந்ததே தவிர, அதை மாற்ற அவரிடம் எதுவும் இல்லை. அப்போது மருந்து என்று இருந்தது பெரும்பாலும் புரோமைடுதான். ஃபீனோபார்பிட்டால் வந்தது 1912இல், ஃபெனிடோயின் 1938இல். ஊசி போட்ட சில நிமிடங்களில் வலிப்பை நிறுத்தும் டயஸெபாம் இந்த நோய்க்குப் பயன்படத் தொடங்கியது 1960களின் நடுவில்தான். அதுவரை, வருவதைச் சொல்வதே பெரும்பாலும் மருத்துவரின் வேலையாக இருந்தது.

குழந்தைகளைப் பற்றிய முதல் பெரிய கணக்கு 1970இல் வந்தது. பிரான்ஸைச் சேர்ந்த ழான் எக்கார்டியும் ஷெவ்ரியும், ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ வலிப்பு நீடித்த 239 குழந்தைகளைத் தொகுத்தார்கள். 11 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். 37 சதவீதத்தினருக்குக் கைகால் பலவீனம் முதலான நரம்புக் குறைபாடுகள். ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அறிவுவளர்ச்சி பாதிக்கப்பட்டிருந்தது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் இந்த எண்களைப் படித்துத்தான் வளர்ந்தார்கள். அவர்களிடம் வந்த பெற்றோருக்குக் கிடைத்த பதிலும் இந்த எண்களின் இருட்டிலிருந்து வந்ததுதான்.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து நியூயார்க்கிலிருந்து வேறொரு கணக்கு வந்தது. ஜோசப் மேய்டல், ஷ்லோமோ ஷின்னர் குழுவினர் 193 குழந்தைகளைப் பின்தொடர்ந்து, 1989இல் முடிவை வெளியிட்டார்கள். இறந்தவர்கள் 7 பேர். பிழைத்த 186 பேரில் புதிதாக நரம்புக் குறைபாடு வந்தவர்கள் 17 பேர். எக்கார்டியின் உலகத்தோடு ஒப்பிட்டால் இது வேறு நோயோ என்று தோன்றும். ஆனால் அந்தக் கட்டுரையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது மொத்த எண்ணை அல்ல, அதன் பிரிவினையை. மூளைக்காய்ச்சல், மூளையுறை அழற்சி, தலைக்காயம் போன்ற புதிய தாக்குதலோ, நாளுக்கு நாள் முற்றும் மூளைநோயோ இருந்த குழந்தைகள் 56 பேர். இறந்த எழுவரும் இந்த 56 பேருக்குள்தான். குறைபாடு வந்த 17 பேரில் 15 பேரும் இவர்களுக்குள்தான். மீதி 137 பேருக்கும் வலிப்பு நீண்டது. காய்ச்சலால் வந்தது, காரணம் தெரியாமல் வந்தது, பழைய மூளைப் பாதிப்பின் மிச்சமாக வந்தது என்று பல வகை. அவர்களில் புதிய குறைபாடு வந்தது இரண்டே பேருக்கு.

இதைப் புரிந்துகொண்டால் பாதி கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. பிள்ளையின் நாளையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வலிப்பு அல்ல, வலிப்பைக் கொண்டுவந்த காரணம். கையும் காலும் வெட்டி இழுப்பதைக் கண்ட வீட்டார் அந்த இழுப்பையே நோயாக நினைக்கிறார்கள். அது இயல்பு. மருத்துவர் தேட வேண்டியது அதன் பின்னால் நிற்பதை.

அப்படியானால் உலகம் முழுவதும் ஒரே பதில் இருக்க முடியாது. காரணங்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. 2002 முதல் 2004 வரை வட லண்டனில் ரிச்சர்ட் சின், ராட் ஸ்காட், பிரையன் நெவில் ஆகியோரின் குழு, அந்தப் பகுதியில் நீடித்த வலிப்போடு வந்த குழந்தைகள் அனைவரையும் எண்ணியது. ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் சுமார் 20 பேருக்கு இந்நிலை வந்தது. அவர்களில் 3 சதவீதத்தினர் மருத்துவமனையில் இறந்தார்கள். கென்யாவின் கிலிஃபியில் இதேபோல் எண்ணி, 2008இல் வெளியான கணக்கில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 15 சதவீதம். பின்னர் நரம்புக் குறைபாட்டோடு வாழ்ந்தவர்கள் 12 சதவீதம். அங்கே பத்தில் ஏழு குழந்தைகளுக்குக் காரணம் தொற்று.

நாம் எங்கே இருக்கிறோம்? என் கணிப்பில், மருத்துவ வசதியில் லண்டனின் பக்கம், நோய்க் காரணங்களில் கிலிஃபியின் பக்கம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955இல், இங்கிருந்து வெகு தொலைவில்லாத வேலூர்ப் பகுதியில். நெல்வயலும் தேங்கிய நீரும் பன்றியும் கொக்கும் சேர்ந்த இடத்தில் வாழும் கிருமி அது. பாகூர் ஏரியைச் சுற்றிய வயல்களையும் கடலூர் மாவட்டத்தையும் பிரிப்பது நிர்வாக எல்லை மட்டுமே, கொசுவுக்கு அது தெரியாது. மழைக்காலத்தை ஒட்டிப் புதர்ப் பூச்சியால் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் புதுச்சேரி மருத்துவர்கள் நன்கறிந்த நோய். காய்ச்சலோடு வலிப்பு வந்த பிள்ளையின் அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்டதுபோல் ஒரு கரும்புண் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் மருத்துவர் ஒரு மூளையைக் காப்பாற்றுகிறார். மலிவான டாக்சிசைக்ளினுக்கோ அசித்ரோமைசினுக்கோ அடங்கும் நோய் அது. நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் கட்டியாகத் தங்கும் நோயைப் பற்றி வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், வேலூர் மாவட்டத்தில் வலிப்பு நோய் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அதுவே காரணம் என்று தெரிந்தது. கழிப்பறையும் கைகழுவலும் இங்கே வலிப்பு மருத்துவத்தின் பகுதிகள்.

ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். ஹிப் கிருமியால் வரும் மூளையுறை அழற்சி ஒரு காலத்தில் குழந்தைகளைக் கொன்றது, காதைச் செவிடாக்கியது, வலிப்பை மிச்சம் வைத்தது. 2011 டிசம்பரில் தமிழகமும் கேரளமும் ஹிப்பையும் சேர்த்து ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கின. பின்னர் புதுச்சேரியும் சேர்ந்தது. தடுப்பூசி நாளில் அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து திரும்பும் தாய், மேய்டலின் அந்த 56 பேர் பட்டியலிலிருந்து தன் பிள்ளையை அடித்துவிட்டுத் திரும்புகிறாள்.

இனி, முடிவை முன்கூட்டியே கணிக்க மருத்துவர்கள் போடும் மதிப்பெண்ணுக்கு வருகிறேன். 2006இல் ஆண்ட்ரியா ரொசெட்டியும் உடன் பணிபுரிந்தவர்களும் பெரியவர்களுக்காக ஒரு எளிய அட்டவணை தயாரித்தார்கள். நினைவு எந்த அளவில் இருக்கிறது, எந்த வகை வலிப்பு, வயது என்ன, இதற்கு முன் வலிப்பு வந்ததுண்டா என்ற நான்கு கேள்விகள். பூஜ்யம் முதல் ஆறு வரை மதிப்பெண். 2019இல் டெல்லி மருத்துவர்கள் அதைக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றி, ‘ஸ்டெப்ஸ்’ என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். ஸ்கேனும் இ.இ.ஜி.யும் இல்லாத இடத்திலும், படுக்கையருகே நின்று ஒரு பயிற்சி மருத்துவரே போட்டுவிடக்கூடிய கணக்கு. இந்தியச் சூழலுக்கு அது பெரிய உதவி. இந்த அட்டவணையில் வியப்பு தரும் ஓர் இடம் உண்டு. முன்பே வலிப்பு நோய் உள்ளவரைவிட, முதல்முறையாக வலிப்பு வந்தவருக்கே ஆபத்து மதிப்பெண் கூடுதல். யோசித்தால் காரணம் விளங்கும். பழைய நோயாளிக்கு மாத்திரை தவறியிருக்கலாம், காய்ச்சல் தூண்டியிருக்கலாம். இதுவரை ஆடி ஓடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென அடங்காத வலிப்பு வந்தால், மூளைக்குள் புதிதாக ஏதோ புகுந்திருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும்.

இந்த மதிப்பெண்களின் பலம் எந்தப் பக்கம் என்பதைப் பெற்றோர்களும் இளம் மருத்துவர்களும் அறிந்திருக்க வேண்டும். ரொசெட்டியின் அட்டவணையில் மதிப்பெண் குறைவாக வந்தால் ‘பிழைப்பார்’ என்ற சொல் ஏறக்குறையப் பொய்க்கவே இல்லை. மதிப்பெண் கூடுதலாக வந்தவர்களிலோ, இறந்தவர்களைவிடப் பிழைத்தவர்களே அதிகம். ஆறுதல் சொல்ல நம்பத்தக்கது, கைவிடச் சொல்ல நம்பத்தகாதது. ‘ஸ்கோர் அதிகம்’ என்ற காரணத்தால் ஒரு குழந்தையின் வென்டிலேட்டர் நாளைக் குறைப்பதோ, ‘வீட்டுக்குக் கொண்டுபோங்கள்’ என்று கிராமத்துத் தகப்பனிடம் சொல்வதோ, அறிவியலின் பெயரால் செய்யப்படும் தவறு. அந்த மதிப்பெண்ணைக் கொண்டு செய்ய வேண்டியது ஒன்றுதான்: யாரை உடனே தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவெடுப்பது.

காரணம் முன்பே எழுதப்பட்டுவிட்டதென்றால், நாம் எழுதக்கூடிய பகுதி எது? நேரம். வட லண்டன் குழுவினரே 2008இல் கணக்கிட்டார்கள்: வலிப்பு தொடங்கியதிலிருந்து மருத்துவமனை சேர்வதற்குள் ஆகும் ஒவ்வொரு நிமிடத் தாமதமும், அந்த வலிப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஆபத்தை 5 சதவீதம் கூட்டுகிறது. ஏன் என்பதற்கு உயிரணு அளவில் விடை உண்டு. மூளையின் கொந்தளிப்பை அடக்கும் காபா என்ற வேதிப்பொருள், நரம்பணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளைத் தொட்டுத்தான் வேலை செய்யும். டயஸெபாம், மிடாசோலம் முதலிய மருந்துகளும் அந்த ஏற்பிகளின் வழியாகவே. வலிப்பு நீண்டால் இந்த ஏற்பிகள் அணுவின் உள்ளே போய்விடுகின்றன. ஐந்தாம் நிமிடத்தில் கேட்கும் மருந்து நாற்பதாம் நிமிடத்தில் கேட்காமல் போவது இதனால். 2015இல் உலக வலிப்பு நோய்த் தடுப்புச் சங்கம் வகுத்த வரையறையும் இதையே சொல்கிறது: ஐந்து நிமிடத்தில் சிகிச்சை தொடங்கியாக வேண்டும், முப்பது நிமிடத்துக்குப் பிறகு நிரந்தரச் சேதம் நேரலாம்.

ஜிப்மரின் குழந்தை மருத்துவத் துறையினரே இதில் ஒரு முக்கியமான வேலை செய்திருக்கிறார்கள். முதல் ஊசிக்கு அடங்காத குழந்தைகளுக்கு அடுத்து எதைக் கொடுப்பது, ஃபெனிடோயினா, வால்ப்ரோயேட்டா, லெவிடிராசிட்டமா என்று ஒப்பிட்டு, 2020இல் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும் 2019இல் வெளியான பெரிய ஆய்வுகளின் முடிவும் ஏறத்தாழ இதே. எந்த இரண்டாம் மருந்து என்ற வாதம் இதோடு ஓய்ந்துவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். மிஞ்சியிருப்பது, முதல் மருந்து எத்தனையாவது நிமிடத்தில் என்ற கேள்விதான்.

இங்கேதான் உறுவையாற்றின் நிலைமை மனத்தை உறுத்துகிறது. இந்தியாவில் இவ்வளவு சிறிய பரப்பில் இவ்வளவு மருத்துவக் கல்லூரிகள் உள்ள இடம் அரிது. கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, எல்லைப்பிள்ளைச்சாவடியில் மகளிர் குழந்தைகள் மருத்துவமனை. மதகடிப்பட்டு, பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் என்று கிராமப்புறக் கொம்யூன்களுக்குள்ளேயே தனியார் கல்லூரிகள். வில்லியனூர் கொம்யூனின் இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமப்புற சுகாதார மையம். அரும்பார்த்தபுரம் ரயில்வே கேட்டில் வண்டிகள் காத்துக் கிடந்த காலமும் மேம்பாலத்தோடு போயிற்று. ஆனாலும் 108க்குப் போன் செய்து, வண்டி வந்து, ஏற்றி, மருத்துவமனை வாசலில் இறக்கி, ஊசி போட்டு முடிக்க ஐந்து நிமிடம் எந்தக் கணக்கிலும் போதாது. கல்லூரிகள் எத்தனை இருந்தாலும் அந்த முதல் ஐந்து நிமிடம் வீட்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும்தான் கழிகிறது.

அந்த ஐந்து நிமிடத்தில் நம் ஊர்களில் என்ன நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். வெங்காயத்தை நசுக்கி முகரக் கொடுப்பார்கள். பல் கிட்டியிருக்கும் வாயில் கரண்டியை நுழைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். மாந்தம் என்றும் ஜன்னி என்றும் சொல்லிச் சிசுவின் வயிற்றில் சூடு வைத்த தழும்புகளை மருத்துவர்கள் இன்னமும் பார்க்கிறார்கள். இவர்களை அறியாதவர்கள் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை கண்முன்னே நீலம் பாரிக்கும்போது சும்மா நிற்க யாராலும் முடியாது. கையில் ஏதாவது கொடுத்தால்தான் கரண்டியைக் கீழே போடுவார்கள்.

கொடுக்க ஒன்று இருக்கிறது. மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே இந்திய மருந்துக்கடைகளில் மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கிறது. விலை சில நூறு ரூபாய். ஊசியும் நரம்பும் தேவையில்லை. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடம் தாண்டினால் எடைக்கு ஏற்ற அளவில் மூக்கில் அடிக்க வேண்டும். இந்தச் சில படிகளை ஒரு தாய்க்குக் கற்றுத்தரக் கால் மணி நேரம் போதும். மூச்சு நின்றுவிடுமோ என்ற அச்சத்தால் இதை எழுதித்தரத் தயங்கும் மருத்துவர்கள் உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் ஆம்புலன்ஸ்களில் பெரியவர்களிடம் நடந்து 2001இல் வெளியான ஆய்வில் இதே குடும்பத்து மருந்துகளைப் பெற்றவர்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கு மூச்சு, இரத்த ஓட்டச் சிக்கல் வந்தது. மருந்தில்லாத ஊசி பெற்றவர்களிலோ 22 சதவீதத்தினருக்கு. அடங்காத வலிப்புதான் மூச்சை அதிகம் தடுக்கிறது. சரியான அளவு, ஒரே முறை, பிறகு மருத்துவமனை என்ற கட்டுப்பாட்டோடு இதைத் தயங்காமல் கொடுக்கலாம்.

அடுத்தது எண்ணிக்கை. புதுச்சேரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011இல் சுமார் 9.5 லட்சம். நான்கில் ஒரு பங்கு குழந்தைகள் என்று தோராயமாக வைத்து, வட லண்டனின் விகிதத்தால் பெருக்கினால், ஆண்டுக்கு ஐம்பதை ஒட்டிய குழந்தைகள் இங்கே நீடித்த வலிப்போடு மருத்துவமனைக்கு வர வேண்டும். கிலிஃபியின் விகிதம் என்றால் எண்பதைத் தாண்டும். இது என் கைக்கணக்கு. உண்மை எண் எண்ணினால்தான் தெரியும். பெரிய மாநிலங்களில் செய்ய முடியாததை இந்தச் சிறிய நிலப்பரப்பில் செய்யலாம். எல்லா மருத்துவமனைகளும் ஒரே படிவத்தில், வலிப்பு தொடங்கிய நேரம், முதல் மருந்து கொடுத்த நேரம், காரணம், வீடு திரும்பிய நிலை ஆகிய நான்கை மட்டும் எழுதிவைத்தால் போதும். பாகூர்ப் பிள்ளைக்கு லண்டன் எண்ணைக் காட்டிப் பதில் சொல்லும் நிலை அதன்பின் இராது.

வீடு திரும்புவதோடு கதை முடிவதுமில்லை. வட லண்டன் குழந்தைகளை ஒன்பது ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்டபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பின்னாளில் வலிப்பு நோய் வந்திருந்தது. அதில் பெரும்பகுதி முதல் பதினெட்டு மாதங்களுக்குள். அந்த ஒன்றரை ஆண்டுதான் கவனிக்க வேண்டிய காலம். நம் வீடுகளிலோ அந்த ஒன்றரை ஆண்டு மறைக்கும் காலமாகக் கழிகிறது, அதுவும் பெண் பிள்ளை என்றால். இந்து திருமணச் சட்டத்தில் காக்காய் வலிப்பு ஒரு தடையாக இருந்ததை நாடாளுமன்றம் 1999லேயே நீக்கிவிட்டது. ஊர்ப் பேச்சு இன்னும் நீக்கவில்லை. பள்ளியில் சொன்னால் தனியே உட்காரவைப்பார்கள், சொந்தத்தில் சொன்னால் நாளை வரன் தட்டிப்போகும் என்ற பயத்தில் மாத்திரை அலமாரியின் மேல்தட்டுக்குப் போகிறது, பிறகு நிற்கிறது, அடுத்த நீண்ட வலிப்பு வருகிறது. எக்கார்டி முதல் ரொசெட்டி வரை யாருடைய அட்டவணையிலும் இந்தப் பயத்துக்கு ஒரு கட்டம் இல்லை.

2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம், பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தேட வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் வலிப்பையும் சேர்த்திருக்கிறது. எனவே புதிய திட்டம் எதையும் கேட்கவில்லை. நீடித்த வலிப்பு வந்து வீடு திரும்பும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அந்தப் பகுதிச் செவிலியரின் பதிவேட்டில் ஏற வேண்டும். தடுப்பூசிக்காக வீடு வீடாகப் போகும் அதே செவிலியர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வீட்டில் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: மாத்திரை தீராமல் இருக்கிறதா, மறுபடியும் இழுப்பு வந்ததா, ஸ்பிரே எங்கே இருக்கிறது. காலாவதித் தேதி தாண்டியிருந்தால் கையில் உள்ள புதியதைக் கொடுத்து, பழையதை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அந்தப் புதிய ஸ்பிரேயை வாங்கிவைக்கும் செலவை, வரும் ஆண்டின் மருந்துப் பட்டியலில் புதுச்சேரி சுகாதாரத் துறை எழுதிச் சேர்க்க வேண்டும்.